பெமிலாவுக்கு ஒரு தடி டயர் வண்டி

பெமிலா ஸ்கூட்டரோடு பாசனச் சானலில் விழுந்தபோது மருந்துப் பெட்டியை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் முதலில் பார்த்தது அந்தப் பெட்டியைத்தான். பிறகு கை தெரிந்தது. பிறகு மூக்குக்கண்ணாடி போன முகம்.

"சிஸ்டருக்கு வல்லதும் பற்றிச்சா?" என்று ஒருத்தி கத்திக் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. வண்டி எங்க கிடக்குன்னு பாருங்க."

வண்டி அவள் காலடியிலேயே கிடந்தது. நான்கு பேர் சேர்ந்து இழுத்துக் கரையேற்றினார்கள். பெட்டியிலிருந்த பஞ்சும் கட்டுத் துணியும் நனையவில்லை. பெமிலா ஈரத் துணியோடு நடந்துபோய், அன்று பார்க்க வேண்டிய நோயாளிக்குப் புண் கழுவிக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

நெய்யூர்ப் பக்கத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு நர்ஸ் வேலை. வார்டில் நிற்கிற வேலை அல்ல. எழுந்து வர முடியாதவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது. எழுந்து வர முடியாதவர்கள் யாரும் அவள் வசதிக்காகத் தார் ரோட்டோரம் வந்து படுத்துக் கிடப்பதில்லை. ஒருவர் ரப்பர் தோட்டத்து மேட்டில் இருந்தார், இன்னொருவர் சானல்கரையில், மற்றொருவர் தேங்காய்ப்பட்டணத்தில் கடல் மணலுக்குள். அந்த மழைக்காலத்தில் அவள் விழுவது அது முதல் தடவையும் அல்ல.

"இனி இந்த ஸ்கூட்டர் எனக்கு வேண்டாம்," என்றாள் புருஷனிடம். "சகதியிலயும் மணலுலயும் போவக்கூடிய ஒரு வண்டி பாக்கணும்."

நேசையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அத எனக்க கிட்ட விடு."

பெமிலாவுக்கு அப்போதே பயம் வந்துவிட்டது.

நேசையனுக்குத் திங்கள்நகரில் ஒரு கடை. மொபைல் கவர், சார்ஜர், ஜெராக்ஸ். ஆள் வருகிற நேரத்தைவிட வராத நேரம் அதிகம். வராத நேரமெல்லாம் ஃபோனில் வீடியோ பார்ப்பான். எதையும் ஆராயாமல் வாங்கமாட்டான் என்று குடும்பத்தில் அவனுக்கு ஒரு பெயர் உண்டு. வாஷிங் மெஷின் வாங்க அவன் ஆராய்ந்து முடிப்பதற்குள், அவன் தேர்ந்தெடுத்த மாடலைச் செய்வதையே கம்பெனிக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். அதற்காக அவன் வருத்தப்படவில்லை. நல்ல சாமானை எவனும் தொடர்ந்து செய்யமாட்டான் என்று புதிதாக ஆராய ஆரம்பித்தான். பெமிலா ஒரு நாள் ஆட்டோவில் போய் வேறொன்றை வாங்கிவந்தாள்.

இந்த முறை அவன் வேகமாக இருந்தான். இரண்டாம் நாளே சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஃபோனை நிறுத்தி வைத்தான்.

"இதப் பாரு. ஃபேட் டயர் இ-பைக். தடி டயர். டயரு மட்டும் நாலு இஞ்சு அகலம். கரண்டுல சார்ஜ் பண்ணினா போதும். வேணும்னா மிதிக்கவும் செய்யலாம். லைசன்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். மணலு, சகதி, கல்லு, எதுலயும் போவும். இப்ப பாரு, பனியில போறான்."

திரையில் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரன் முழங்கால் பனியில் போய்க்கொண்டிருந்தான்.

"நெய்யூர்ல எப்ப பனி பெய்யப் போவுது?" என்றாள் பெமிலா.

"பனியில போற வண்டி சகதியில போவாதா?"

"அவனுக்க காலு நீளத்தப் பாருங்க. பின்ன எனக்க காலையும் பாருங்க."

"காலு எதுக்கு? மோட்டார் இருக்குல்லா."

அந்த வாரம் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களெல்லாம் வீடியோ பார்த்துவிட்டுத்தான் போக முடிந்தது. பெரும்பாலோர் கொள்ளாம், நல்ல வண்டிதான் என்றார்கள். ரேஷன் கார்டோடு வந்த ஒருவர் மட்டும், "சார்ஜ் தீந்தா?" என்று கேட்டார்.

"மிதிச்சுப் போலாம்."

"மிதிக்கதுக்கு சாதா சைக்கிளே போதாதா?"

அவருக்கு ஜெராக்ஸ் மங்கலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இருவரும் பஸ் ஏறி நாகர்கோவிலுக்குப் போனார்கள். அங்கே ஜெப்சன் என்பவன் மின்சார சைக்கிள் ஷோரூம் திறந்திருந்தான். இன்ஜினியரிங் படித்து, கத்தாரில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, மேலதிகாரியோடு சண்டை போட்டுவிட்டுத் திரும்பி வந்தவன். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கிறாயே என்று பெமிலா கேட்டதற்கு, "திங்கள்கிழமையும் ஒருத்தரும் வரல்ல அக்கா, அதான் ஞாயித்துக்கிழமை பாப்பம்னு," என்றான்.

தடி டயர் வண்டி இரண்டு இருந்தன. ஒன்று கறுப்பு. சக்கரம் பெமிலாவின் இடுப்புவரை வந்தது. முன்னால் ஷாக் அப்சார்பர், எருமைக் கொம்பு மாதிரி அகலமான ஹேண்டில்பார். "கம்பெனி பேரு வாயில நுழையாது. நாங்க இதக் காண்டாமிருகம்னு தான் சொல்லுவோம்," என்றான் ஜெப்சன். நேசையன் அதைத் தொட்டுப் பார்த்தான். சுற்றி வந்தான். மறுபடியும் தொட்டான். பெண் பார்க்க வந்தபோதுகூட அவன் தன்னை இப்படிப் பார்த்ததாகப் பெமிலாவுக்கு ஞாபகம் இல்லை.

"ஏறிப் பாரு," என்றான் நேசையன்.

குறுக்குக் கம்பிக்கு மேலே காலைப் போட அவளால் முடியவில்லை. ஜெப்சன் உள்ளே ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான். அதன்மேல் ஏறி, சுடிதாரை ஒதுக்கி, ஒருவழியாக உட்கார்ந்தாள். இரண்டு காலும் காற்றில் தொங்கின.

"இந்த ஸ்டூலும் வண்டிக்கக் கூட தருவியா மக்கா?" என்று கேட்டாள்.

ஜெப்சன் சிரித்தான். நேசையன் சிரிக்கவில்லை. "ஓட்ட ஓட்ட சரியாவும்," என்றான்.

"என்ன சரியாவும்? காலு வளருமா?"

மற்றது பச்சை நிறத்தில், குட்டைச் சக்கரத்தோடு மூலையில் நின்றது. டயர் அதே தடிமன். நடுவில் கம்பி தாழ்ந்து வளைந்திருந்ததால் காலைத் தூக்காமல் நடந்துபோகிற மாதிரியே ஏறி உட்காரலாம். பின்னால் நீளமாக ஒரு கேரியர். பெமிலா உட்கார்ந்தாள். பாதம் முழுவதும் தரையில் பட்டது.

நேசையன் முகத்தைச் சுளித்தான். "சர்க்கஸ்ல கரடி ஓட்டுகது மாதிரி இருக்கு."

"கரடி விழாம தானே ஓட்டுது."

ஜெப்சன் இருவருக்கும் நடுவில் வந்தான். "அண்ணன் சொல்லுகதும் நியாயம் தான் அக்கா. பெரிய சக்கரம் கல்லு மேல உருண்டு போவும். சின்ன சக்கரம் ஒவ்வொரு கல்லையும் உங்களுக்கு அறிவிச்சுட்டுத்தான் போவும். ஆனா சின்னதுக்கு மேடு ஏற சக்தி கூடுதல். தூக்கவும் லேசு. எல்லாம் ஒரே வண்டியில கிடைக்காது."

விற்கிறவன் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வருவதைப் பெமிலா அதற்கு முன் கேட்டதில்லை. திங்கள்கிழமையும் ஏன் ஒருவரும் வரவில்லை என்பது அவளுக்கு ஓரளவு விளங்கியது.

"எனக்க ரோட்டுல ஓட்டிப் பாக்காம நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்," என்றாள். "சனிக்கிழமை எனக்கு மூணு வீடு உண்டு. ரெண்டு வண்டியையும் கொண்டுவர முடியுமா?"

ஜெப்சன் யோசித்தான். வேறு வேலையும் இல்லை. "டெம்போவுல ஏத்திட்டு வாறேன் அக்கா."

சனிக்கிழமை காலையில் ரப்பர் தோட்டத்து மேட்டின் அடியில் மூன்று பேரும் கூடினார்கள். நேசையன் கடையைப் பூட்டிவிட்டுப் புது ஷூவும் ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் போட்டு வந்திருந்தான். பெமிலா பச்சை வண்டியின் கேரியரில் மருந்துப் பெட்டியை வைத்துக் கட்டினாள்.

"நான் முன்னால போறேன். நான் போற வழியிலயே வா," என்றான் நேசையன்.

கடைசியாக அவன் சைக்கிள் மிதித்தது கல்யாணத்துக்கு முன்பு. ஆனால் காண்டாமிருகத்தில் மிதிக்கவே தேவைப்படவில்லை. வலது கைப்பிடியைத் திருகினான், அது செம்மண் பாதையில் முக்காமல் முனகாமல் ஏறியது. ரப்பர் மர வேர்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. நேசையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பின்னால் திரும்பி, "பாத்தியா?" என்று கேட்டான். திரும்பியபோது கைப்பிடியும் கூடச் சேர்ந்து திரும்பியது.

மேட்டின் மேலே கிருஷ்ணமணியின் வீடு. அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பு எலும்பு முறிந்து, ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். கிடந்த இடத்திலிருந்தே பாதையில் போகிற வண்டிகளையெல்லாம் குறை சொல்லுவார். அவர் கண் முன்னால்தான் நேசையன் முற்றத்துக்குள் பாய்ந்து வந்து, அங்கே கொடியில் காயப்போட்டிருந்த ரப்பர் ஷீட்டுகளுக்குள் புகுந்தான். ஒரு கொடி அறுந்தது. இரண்டாவது கொடியைக் கடந்தபோதுதான் பிரேக் ஞாபகம் வந்தது. வண்டி நின்றது. தலையிலிருந்து தோள்வரை ஒரு ஷீட்டைப் போர்த்திக்கொண்டு, அதன் புளித்த நாற்றத்துக்குள் நேசையன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

பெமிலா சற்று நேரம் கழித்து வந்து சேர்ந்தாள். பச்சை வண்டி மேட்டில் தளரவில்லை. ஆனால் ஒவ்வொரு வேரும் அவள் இடுப்பில் வந்து சொல்லிவிட்டுப் போனது. இறங்கியதும் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஜெப்சன் சொன்னது உள்ளது தான்," என்றாள்.

கிருஷ்ணமணி ஜன்னல் வழியாகப் பேசினார். "சிஸ்டரே, அந்த ஷீட்டுக்குள்ள இருக்கியது ஆரு?"

"எனக்க வீட்டுக்காரரு."

"வளைவுல ஆரன் அடிக்கணும்னு அவருக்கு ஆரும் சொல்லிக் கொடுக்கல்லியா?"

நேசையன் ஷீட்டுகளை எடுத்துத் தட்டி, கொடியை முடிந்து, ஒவ்வொன்றாக மறுபடியும் காயப்போட்டான். பெமிலா உள்ளே வேலையை முடிக்கும்வரை கிருஷ்ணமணி ஜன்னலிலிருந்து, இது நெருக்கமாக இருக்கிறது, அது தள்ளி இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடுத்தது சானல்கரை. முந்தின நாள் மழையில் கரை முழுவதும் சகதி. பெமிலா விழுந்த இடம் வந்ததும் அவள் வண்டியை நிறுத்தினாள். காண்டாமிருகம் நிற்கவில்லை. நேசையன் இம்முறை கைப்பிடியைப் பைய திருகினான். தடி டயர் சகதியை இரண்டு பக்கமும் ஒதுக்கிக்கொண்டு, ஒரு சறுக்கல் இல்லாமல் சகதி முடிகிற இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவன் இறங்கி நின்று, தனக்குத் தானே தலையாட்டிக்கொண்டான். துணி துவைத்த பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெமிலாவும் கடந்தாள். விழவில்லை. ஆனால் குட்டைச் சக்கரம் வாரியடித்த சகதியில் அவள் வெள்ளைக் கோட்டு செம்மண் நிறமாகிவிட்டது.

"இப்ப சொல்லு," என்றான் நேசையன்.

"இங்க உங்க வண்டி தான் நல்லது," என்றாள் பெமிலா. அவள் அப்படி ஒத்துக்கொள்வாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. சானல்கரை வீட்டு வேலை முடிந்து, தேங்காய்ப்பட்டணம் போய்ச் சேரும்வரை டெம்போவில் ஜெப்சனுக்கு இருசக்கர வண்டிகளின் எதிர்காலத்தைப் பற்றி விளக்கிக்கொண்டே வந்தான்.

தேங்காய்ப்பட்டணத்தில் தார் ரோடு முடிந்ததும் தென்னந்தோப்பு. தோப்புக்குள் வெறும் மணல். அதன் கடைசியில், கடல் தெரிகிற இடத்தில் ஞானம் அண்ணன் வீடு. ஹார்பரில் அவர் பேச ஆரம்பித்தால் என்ஜின் சத்தமெல்லாம் அடங்கிப்போகும் என்று சொல்வார்கள். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வலது பக்கம் இழுத்துக்கொண்டது. அதோடு பேச்சும் போயிற்று. இப்போது முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். இடது கையால் வலது கையைத் தூக்கிப் பயிற்சி செய்யச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மருமகள் லிஜா கெஞ்சிப் பார்த்தாள். பெமிலா அதட்டிப் பார்த்தாள். இரண்டும் பலிக்கவில்லை.

"மணலுல போணும்னா டயருல காத்தக் கொறைக்கணும்," என்றான் ஜெப்சன். காற்றைக் குறைத்ததும் டயர் பரந்து, மணலின் மேல் ஒட்டகக் கால் மாதிரி பதிந்து நின்றது. இரண்டு வண்டிகளும் தோப்பைக் கடந்தன. காண்டாமிருகம் கொஞ்சம் நன்றாகவே கடந்தது. பச்சை வண்டியில் பெமிலா இரண்டு இடத்தில் கால் ஊன்றித் தள்ள வேண்டிவந்தது.

நேசையன் வெற்றி பெற்றவன் மாதிரி ஹெல்மெட்டைக் கழற்றினான். பெமிலா ஞானம் அண்ணனுக்கு பிரஷர் பார்த்து, முதுகுப் புண்ணைக் கழுவி மருந்து வைத்து, அவரை மறுபடியும் முற்றத்து நாற்காலியில் உட்கார வைத்து, லிஜாவிடம் செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தாள். பச்சை வண்டியை மணலில் சாய்த்துப் படுக்க வைத்தாள்.

ஜெப்சன் பதறினான். "அக்கா, என்ன செய்யுகிய?"

"இதுவர ரெண்டு வண்டியும் விழல்ல. சந்தோஷம். ஒரு நாளு விழும். அன்னைக்கு நான் மட்டும் தான் இருப்பேன். அதான் பாக்குகேன்."

குனிந்து, ஹேண்டில்பாரையும் சீட்டையும் பிடித்து ஒரு மூச்சில் நிமிர்த்தினாள். பிறகு காண்டாமிருகத்தைச் சாய்த்தாள். சாய்க்கும்போதே அது அவளையும் பாதி இழுத்துக்கொண்டு போனது. தூக்கப் பார்த்தாள். ஹேண்டில்பார் மட்டும் எழுந்தது. மறுபடியும் பார்த்தாள். அதுவும் எழவில்லை.

"தள்ளி நில்லு, அதுக்கு ஒரு டெக்னிக் உண்டு," என்றான் நேசையன். "வீடியோவுல பாத்திருக்கேன். முதுகக் காட்டி நிக்கணும். ஹேண்டில்பாரப் பின்னால பிடிக்கணும். பின்ன காலால நடக்கணும், அவ்வளவுதான்."

ஞானம் அண்ணனின் நாற்காலி அவனுக்கு நேர் எதிரே இருந்தது. நேசையன் வண்டிக்கு முதுகைக் காட்டி, கைகளைப் பின்னால் விட்டு, கைப்பிடியை இறுகப் பிடித்து, காலால் நடக்க முயன்றான். மணலில் கால் போனது, அவன் போகவில்லை. அவன் பிடித்திருந்தது திருகுகிற வலது கைப்பிடி. மோட்டாரை யாரும் அணைத்திருக்கவில்லை. படுத்த வாக்கிலேயே பின்சக்கரம் விர்ரென்று சுழன்று, பின்னால் நின்ற ஜெப்சனின் மேல் மணலை அள்ளிக் கொட்டியது. சத்தத்தைக் கேட்டு நேசையன் இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"விடுங்கண்ணா. கைய விடுங்க," என்றான் ஜெப்சன், வாயிலிருந்து மணலைத் துப்பிக்கொண்டே.

நேசையன் விட்டான். விட்டதும் அப்படியே பின்னால் சரிந்து காண்டாமிருகத்தின் மேல் உட்கார்ந்தான். உட்கார்ந்த இடம் சீட்டு அல்ல. எழ முயன்று மறுபடியும் உட்கார்ந்தான்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி. பெமிலா பயந்து திரும்பினாள். லிஜா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். ஞானம் அண்ணன் நாற்காலியில் குலுங்கிக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் மட்டும் விரிந்திருந்தது. கண்ணில் நீர் வழிந்தது. இடது கையை நீட்டி நேசையனைக் காட்டினார். பிறகு தொடையில் அடித்தார். மறுபடியும் காட்டினார்.

"சிரிக்காரு," என்றாள் லிஜா. நம்ப முடியாமல் பெமிலாவைப் பார்த்தாள். "அக்கா, மாமா சிரிக்காரு."

நோயில் விழுந்த பிறகு அவர் சிரித்து அவர்கள் பார்த்ததே இல்லை. லிஜா அங்கேயே மணலில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

நேசையனுக்குக் கோபப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. காண்டாமிருகத்தின் மேல் உட்கார்ந்தபடியே அவரைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து அவனும் சிரித்துவிட்டான்.

பெமிலா பச்சை வண்டியை வாங்கினாள். சானல்கரையில் கறுப்பு வண்டிதான் நல்லது, மணலிலும் அதுதான் நல்லது என்று யாரிடமும் ஒளிக்காமல் சொன்னாள். "ஆனா அத ஓட்டுகதுக்கு அந்த ஸ்டூல எடுத்து நடக்க ஒரு ஆளு வேணும், விழுந்தா தூக்க ரெண்டு ஆளு வேணும்," என்றாள். ஜெப்சன் குட்டைச் சக்கரத்துக்குப் பெரிய மட்கார்டும், இடுப்புக்காக ஸ்பிரிங் வைத்த சீட்டும் மாட்டிக்கொடுத்தான். நேசையன் அந்தச் சீட்டை வாங்கலாமா என்று ஆராயத் தொடங்குவதற்கு முன்பே அது மாட்டப்பட்டுவிட்டது.

அடுத்த சனிக்கிழமை பெமிலா தனியாகத் தேங்காய்ப்பட்டணம் போனாள். ஞானம் அண்ணன் அவளுக்குப் பின்னால் தோப்பைப் பார்த்தார். இடது கையை விரித்து, எங்கே என்று கேட்டார்.

"அவரு கடையில இருக்காரு. நீங்க கையத் தூக்குங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது நேசையன் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு வேற வேலை இல்லியா? அந்த மனுசனுக்குச் சிரிக்கதுக்கு நான் போய் விழணுமா?"

"விழ வேண்டாம். சும்மா வந்து நின்னா போதும்."

அவன் ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு திரிந்தான். சனிக்கிழமை வந்தபோது, ஹார்பர் பக்கம் ஒரு ஆளிடம் சார்ஜர் கொடுக்க வேண்டியிருக்கிறது, அப்படியே வருகிறேன் என்றான். சார்ஜர் யாருக்கு என்று பெமிலா கேட்கவில்லை.

இப்போதெல்லாம் சனிக்கிழமை மதியம் கடை பூட்டியிருக்கும். இருவரும் பஸ்ஸில் போவதில்லை. பெமிலா ஓட்டுவாள், நேசையன் நீளக் கேரியரில் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, முழங்கால் இரண்டு பக்கமும் விரிய உட்கார்ந்து வருவான். தார் ரோட்டில் அதிலொன்றும் குறைவில்லை. தோப்புக்குள் நுழைந்ததும் இரண்டு பேர் பாரத்தில் வண்டி மணலில் அமுங்கும். நேசையன் இறங்கி, ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்து தள்ள ஆரம்பிப்பான்.

தூரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஞானம் அண்ணன் நிமிர்ந்து உட்காருவார். லிஜா பக்கத்தில் போய் நிற்பாள். நேசையன் தள்ளுகிறவரை அவர் வலது கையை இடது கையால் பிடித்துத் தூக்குவார், இறக்குவார், தூக்குவார். நேசையன் மூச்சு வாங்க நின்றால் அவரும் நிறுத்திவிடுவார்.

"நிக்காதீங்க," என்பாள் பெமிலா முன்னாலிருந்து. "இன்னும் கொஞ்சம் தள்ளுங்க. இன்னைக்குத் தோளு வரைக்கும் தூக்குகாரு."